கட்டிலில் இரண்டு பேனா

பெட்டியில் வந்தவை:
பித்தளைக் குழாய் நான்கு,
நிப்பு இரண்டு, மை உறிஞ்சி இரண்டு,
படம் போட்ட தாள் ஒன்று.
மரம் உங்களுடையது என்று
தாளின் அடியில் எழுதியிருந்தது.

மரம் இருந்தது.
வெருலம் வீட்டின் கராஜ் சுவரில்
சாய்த்துவைத்த கட்டிலின்
தலைமாட்டுப் பலகை. கியாட்.
டர்பனில் முப்பத்தாறு தவணைக்கு வாங்கி
முப்பத்துநான்காவதில்
பூபாலனுக்கு வேலை போய்
மீதி இரண்டை நான் கட்டினேன்.
அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை,
இரண்டொரு முறை தவிர.

கட்டில் யாருக்கு என்று
வக்கீல் கேட்டபோது
இருவருமே வேண்டாம் என்றோம்.
வெகுகாலம் கழித்து
ஒத்துப்போன முதல் விஷயம்.

நாலு துண்டு அறுத்தேன்.
ஒவ்வொன்றிலும் பென்சில் குறி:
எது மூடி, எது உடல்,
எந்த முனை எதைப் பார்க்கவேண்டும்.
மூடியைத் திருகினால்
மரத்தின் ரேகை அறுபடாமல்
அங்கிருந்து இங்கே ஓடி வரவேண்டும்.
வித்தை அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் பசையும் பொறுமையும்.

ஒரு துண்டில் ஆணித்துளை.
பித்தளைத் தூள் வைத்து அடைத்தேன்.
விட்டால் உளி அங்கே கொக்கியாய் மாட்டி
மொத்தமும் முகத்தில் தெறிக்கும்.

லேத் சுற்றத் தொடங்கினால்
வேறெந்தச் சத்தமும் காதில் ஏறாது.
நான் இதைக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான்.
கடையக் கடைய
முதலில் வருவது அமுதமில்லை என்பது
பாற்கடல் நாளிலிருந்தே தெரிந்த கதை.
எனக்கு வந்தது பழுப்புத் தூள்.
வரிசையாகப் பன்னிரண்டு தும்மல்.

நான்காவது துண்டு
பட்டுப்போல் இறங்கிவரும் நேரம்
மின்சாரம் போயிற்று.
ஆறிலிருந்து எட்டரை எங்கள் பேட்டையின் முறை,
நான்தான் அட்டவணையைப் பார்க்கவில்லை.
லேத் சட்டென்று நிற்காது.
முனகும். யோசிக்கும். பிறகு நிற்கும்.
கைப்பேசி வெளிச்சத்தில்
நாலையும் பொறுக்கித் தட்டில் வைத்தேன்.
குறிகள் எப்போதோ
சீவலோடு சீவலாய்ப் போயிருந்தன.

வெள்ளிக்கிழமை, காவல் நிலையம்.
பூபாலன் முன்பே வந்திருந்தான்,
நான் வாங்கித் தராத ஒரு சட்டையில்.
"இந்தா" என்று ஒன்றை நீட்டினேன்.
"என்ன மரம்?"
"கியாட்."
பெருவிரலால் ஒருமுறை தடவினான்.
வேறொன்றும் கேட்கவில்லை.

சார்ஜென்ட் டுபே
எங்கள் பேனாக்களை வாங்கிப் பார்த்து
அழகு என்றார், ஜூலுவில் ஒருமுறை,
ஆங்கிலத்தில் ஒருமுறை.
அப்புறம்,
நீல மை செல்லாது, கறுப்பு மட்டும் என்று
கவுண்டரில் நூல் கட்டிக் கிடந்த
பால்பாயின்ட்டைத் தள்ளினார்.
பதினொரு பக்கம்.
பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம்,
அவன் ஒன்று, நான் ஒன்று.
நூல் என் பக்கம் எட்டவில்லை.
ஒவ்வொரு தாளையும்
அவன்தான் பிடித்து நகர்த்திக் கொடுத்தான்.

ஞாயிறு செய்தி வந்தது:
நிப்பு கீறுகிறது.
பச்சைத் தண்ணீரில் அலசு, வெந்நீர் கூடாது,
ராத்திரி முனை கீழே இருக்கும்படி நிறுத்து
என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் கழித்து:
மூடியின் ரேகை
கீழே உடலோடு சேரவில்லையே?

என்னுடையதை எடுத்துப் பார்த்தேன்.
மூடியில் ஆணித்துளை, பொட்டுப்போல.
அதைச் சுற்றி வளைந்து இறங்கும் கோடு
திருகு வரை வந்து
அங்கே ஆளில்லாமல் நிற்கிறது.
மிச்சக் கோடு டோங்காட்டில்,
அவன் சட்டைப் பையில்.

ஒரே அளவுத் திருகுதான்.
மாற்றிக்கொள்ள அரை நிமிடம்,
போய்வர அரை மணி.

கைவேலை என்றால் அப்படித்தான்
என்று பதில் அனுப்பிவிட்டு
இந்த வாரத்து மின்வெட்டு நேரங்களைக்
காலண்டரில் எழுதிவைத்தேன்.
திங்கள் ஆறு. செவ்வாய் பத்து. புதன் இல்லை.

என்னுடையதும் கொஞ்சம் கீறத்தான் செய்கிறது.